கிப்லா பார்த்து வாங்கிய வீடு

பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் பினாங்கில், ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் காலையில் ரொட்டி சானாய் போடுகிறவன். மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொல்லிவிட்டு வந்தவன். இருந்தாலும் கேட்கிறார்கள். "பாய், நீங்க பழைய வீடு வாங்கி ரிப்பேர் பண்ணீங்களாமே, என்னென்ன பாக்கணும்?" என்று, ரெண்டு ரொட்டிக்கும் ஒரு தே தாரே டீக்கும் சொல்லிவிட்டு, இலவசமாக ஒரு இஞ்சினியர் கிடைத்த மாதிரி நிற்பார்கள்.

நானும் மாவை வீசிக்கொண்டே சொல்வேன். மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள், வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். கடல் ஏற்றமாக இருக்கும் நாளில் வாசல் கால்வாயை எட்டிப் பாருங்கள், தண்ணீர் வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று தெரியும். உத்தரத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள், வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் கரையான் ஏற்கெனவே குடியிருக்கிறது என்று அர்த்தம். பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர், அது மூச்சு விடும். மேலே சிமெண்டு பூசி அதன் மூக்கை அடைத்திருந்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். நடுச்சுவரை யாராவது இடித்திருக்கிறார்களா, இடித்திருந்தால் மாடியை எது தாங்குகிறது என்று கேளுங்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர் தலையாட்டுவார். "எல்லாத்தையும் பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க" என்பார். நான் ரொட்டியைத் திருப்பிப் போடுவேன். மேலே சொன்னதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சுங்கை பினாங்கில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். நான், என் பீவி, மூன்று பெண் பிள்ளைகள். குறை சொல்லக் கூடாது, இருபது வருஷம் எங்களைத் தாங்கிய வீடு. ஆனால் அந்த ஃபிளாட்டைக் கட்டியவர்கள் கிப்லாவை நினைத்துக் கட்டவில்லை. மக்கா இருக்கும் திசை எங்கள் வீட்டுக்குள் குறுக்கே விழுந்தது. தொழுகைப் பாயான முசல்லாவை விரித்தால் ஒரு முனை கட்டில் காலில் முட்டும், இன்னொரு முனை கதவில் மாட்டும். நான் பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன். வீட்டுப் பெண்கள் எங்கே போவார்கள்? பெரியவளும் நடுவுள்ளவளும் அறையில், சின்னவள் கூடத்தில், என் பீவி குசினியில் ஃபிரிட்ஜுக்கும் தொட்டிக்கும் நடுவே. நோன்பு மாதத்து இரவுத் தொழுகையான தராவீஹை வீட்டில் தொழுவிக்கலாம் என்று நான் நின்றால், என் பின்னால் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். பின்பற்றித் தொழுகிறவர்கள் மூன்று இடத்தில் சிதறி, "அத்தா, சத்தமா ஓதுங்க, கேக்கலை" என்பார்கள்.

வீடு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது என் பீவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்கு பெரிய குசினி வேணாம். ஏர்கோன் வேணாம். நீங்க முன்னால நிக்கணும், நானும் மூணு புள்ளைங்களும் பின்னால ஒரே வரிசைல தோளோட தோளா நிக்கணும். பெரியவளுக்கு கலியாணம் ஆகிப் போறதுக்குள்ள ஒரு ரமலானாச்சும்."

பெரியவளுக்கு அப்போது இடம் பேசி முடித்திருந்தோம். ஹஜ் பெருநாள் கழிந்த பிறகு நிக்காஹ். ஆக, ஒரு ரமலான்தான் கையில் இருந்தது.

என் பீவியின் தம்பி, என் மச்சான், வீடு ரிப்பேர் வேலை எடுத்துச் செய்கிறவர். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதுபோல் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு நாலு வீடு பார்த்தோம். முதல் வீட்டின் உத்தரத்தில் குத்தினார், மரத்தூள் கொட்டியது. "மச்சான், இது வீடு இல்ல, பிஸ்கட்டு." இரண்டாவது வீட்டைக் கொட்டும் மழையில் போய்ப் பார்க்க வைத்தார். கூடத்தில் நின்று மேலே பார்த்தோம், முகம் நனைந்தது. மூன்றாவதில் சுவரில் காதை வைத்துத் தட்டினார், உள்ளே பொந்து என்றார். நான்காவது வீட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். வெளியே வந்ததும், "அந்த வீட்ட விக்கிறவரு ஏன் விக்கிறாருன்னு பக்கத்து வீட்டுல கேட்டேன். அடுத்த வீட்டுச் சுவரு இந்தப் பக்கம் சாயுதாம்" என்றார்.

அன்றைக்கு ஃபிளாட்டுக்குத் திரும்பியதும் என் பீவி ஃபிரிட்ஜ் பக்கத்தில் முசல்லாவை விரித்து, சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குள் அந்த எண்ணம் வந்தது. இந்த ஸ்குரூ டிரைவரை நம்பினால் கியாமத் நாள்வரை வீடு வாங்க முடியாது. அடுத்த வீட்டை அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்வோம், மச்சானிடம் வேண்டாம்.

இஸ்திகாரா தொழுதேன். ஒரு காரியம் நமக்கு நல்லதா கெட்டதா என்று அல்லாஹ்விடம் வழி கேட்கிற தொழுகை அது. "யா அல்லாஹ், நீ எனக்குப் பொருத்தம் என்று வைத்திருக்கும் வீட்டில் ஒரு அடையாளத்தைக் காட்டு" என்று துஆ கேட்டேன். என்ன அடையாளம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த மாதிரி விஷயங்களில் அல்லாஹ்வுக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பது என் பழக்கம்.

ஐந்தாவது வீடு டவுனுக்கு ஓரமாக ஒரு லோரோங்கில், அதாவது சந்தில், இருந்தது. வரிசை வீடுகளில் ஒன்று. கீழே கூடம், மேலே பலகைத் தளம் போட்ட இரண்டு அறை, பின்னால் சின்ன முற்றம். நல்ல வெயில் நாள். புரோக்கர் ஒரு தமிழ் ஆள், நெற்றியில் திருநீறு, வாயில் சிரிப்பு. வீட்டில் ஒரே ஒரு காற்றாடிதான் ஓடியது. கூடத்தின் உள்பக்கம், அடுத்த அறைக்குப் போகும் அகலமான வழியை ஒட்டி, சுவரோரமாக. வேர்வை தாங்காமல் நானும் என் பீவியும் அதன் கீழே போய் நின்றோம். அங்கே நின்றுதான் நான் போனை எடுத்து கிப்லா காட்டும் ஆப்பைத் திறந்தேன்.

ஊசி ஆடியது, சுற்றியது, நின்றது. உள்சுவருக்கு நேராக. கோணல் இல்லை, குறுக்கு இல்லை. சுவரே கிப்லா பார்த்துக் கட்டின மாதிரி. கூடத்தின் அகலம் முழுக்க நாலு பெண்கள் தாராளமாக நிற்கலாம், முன்னால் நான் நிற்கலாம்.

என் பீவியிடம் காட்டினேன். அவள் போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா பாய், காம்பஸா?" என்றார் புரோக்கர். விஷயத்தைச் சொன்னேன். "அட, நல்ல விஷயம் லா. போன வாரம் ஒரு சீனர் வந்தாரு, ஃபெங் ஷூய் ஆளக் கூட்டிக்கிட்டு. ரொம்ப நல்லாருக்குன்னாரு. அதுக்கு முன்னால எங்காளு ஒருத்தரு, வாஸ்து பாத்தாரு. பிரமாதம்னாரு. இப்ப உங்களுக்கும் சரியா இருக்கு. மூணு மதமும் ஒத்துக்கிட்ட வீடு பாய் இது."

மூன்று மதமும் ஒத்துக்கொண்ட வீட்டை ஏன் முதல் இரண்டு பேரும் வாங்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் போனை எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் ஊசி அதே சுவரைத்தான் காட்டியது. மூன்று முறையும் நான் நின்றது அதே காற்றாடியின் கீழேதான்.

முன்பணம் கட்டிய பிறகுதான் மச்சானுக்குச் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூரை பாத்தீங்களா?"

"கிப்லா பாத்தேன்."

"கரையான்?"

"சுவரு நேரா கிப்லாவுக்கு நிக்குது மச்சான்."

"கால்வா? வயரிங்? நடுச்சுவரு?"

"அல்லா காட்டின வீடு."

"அல்லா வீட்டக் காட்டுவான் மச்சான். கூரைய நாமதான் ஏறிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மீதித் தேத்தண்ணியைக் குடித்தார். அவர் மனஸ்தாபப்பட்டிருந்தார். வேலையை அவரே எடுத்துச் செய்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கூரையை மாற்றினார், வயரிங்கை மாற்றினார், மாடிப் பலகையில் பாதியை மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றும்போது என்னைக் கூப்பிட்டுப் பழையதைக் காட்டுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கூடத்துச் சுவர்களை மட்டும் தொட விடவில்லை நான். புதுசாகப் பூசி, வெள்ளை அடித்து, கண்ணாடி மாதிரி இருந்தன. அதில் ஒன்று என் கிப்லாச் சுவர் வேறு.

தரைக்கு என் பீவி சாம்பல் நிற டைல்ஸ் எடுத்தாள். நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு ஸஜ்தாவுக்கும் போதுமான இடைவெளி விட்டு, ஒரு வரிசை கரும்பச்சை டைல்ஸ். பள்ளிவாசல் கம்பளத்தில் கோடு இருக்குமே, அந்தக் கோடு எங்கள் தரையிலேயே. டைல்ஸ் போட வந்தவர் இந்தோனேசியாக்காரர், வக்து தவறாமல் தொழுகிறவர். முதல் பச்சைக் கல்லை வைக்குமுன் எழுந்து நின்று வாசலைப் பார்த்தார், முற்றத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தார். "பக், கிப்லாட் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இல்லையா?" என்று மலாயில் கேட்டார். நான் அவரைக் காற்றாடிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் போனைக் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வீடு உங்களுது" என்று உட்கார்ந்து கல்லை வைக்க ஆரம்பித்தார். அந்த வீட்டுக்குள் வந்தவர்களில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் கையில் ஆப் இல்லை, அதனால் நான் நம்பவில்லை.

ரமலானுக்குக் குடிவந்தோம். முதல் இரவு தராவீஹுக்கு நான் முன்னால் நின்றேன். தொழ ஆரம்பிக்கத் தக்பீர் கட்டுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கோட்டில் எட்டுக் கால்களின் விரல்களும் வரிசையாக. என் பீவி தலையைக் குனிந்து நின்றாள். யாரும் "சத்தமா ஓதுங்க" என்று சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க அப்படித்தான். இனி இந்த வீடு இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைப்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

பெருநாள் கழிந்து சில வாரம் ஆகியிருக்கும். நிக்காஹ் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் மக்காவிலுள்ள கஅபாவுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். அந்த நேரம் நமக்கு சாயங்காலம். ஒரு குச்சியை நேராக நட்டால் அதன் நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த் திசைதான் கிப்லா, வீட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்குச் சரிபார்க்க ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் காட்டலாம், அப்படியே மச்சானுக்கும் காட்டலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மச்சானுக்காகத்தான். ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு எத்தனை உளுத்த பலகையைக் காட்டியிருக்கிறார். நானும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நிழலைக் காட்டுவோம்.

தேத்தண்ணி குடிக்க வரச்சொன்னேன். வந்தார். முற்றத்தில் குச்சியைத் தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "குச்சி கோணலா நிக்கும், இது நிக்காது" என்று தன் தூக்குக்குண்டை எடுத்து, துணி காயப்போடும் கம்பியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. பிள்ளைகள் பள்ளிவாசல் சொன்ன நிமிஷத்துக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நூலின் நிழல் சிமெண்டுத் தரையில் விழுந்தது. வீட்டின் பக்கச் சுவருக்கு இணையாக விழ வேண்டியது, குறுக்கே விழுந்தது. கொஞ்ச நஞ்சமில்லை. கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கும் அளவு.

"நேரம் தப்பு" என்றேன்.

"நேரம் சரிதான் அத்தா" என்றாள் சின்னவள்.

"அப்ப முற்றம் கோணலு."

"முற்றத்துக்கு சிமெண்டு போட்டதே நான்தான்" என்றார் மச்சான். "என் முற்றம் கோணலு இல்ல."

நான் போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். ஊசி நிழலோடு ஒத்துப்போனது. என் போன், என் ஆப், என்னைக் கைவிட்டது. வேகமாகக் கூடத்துக்குள் போய்க் காற்றாடியின் கீழே நின்றேன். ஊசி மெல்லத் திரும்பி, பழையபடி சுவருக்கு நேராக வந்து நின்றது. நிம்மதியாக இருந்தது. "பாத்தீங்களா?" என்றேன்.

மச்சான் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார். ஓர் அடி பின்னால் போனார், ஊசி இடப்பக்கம் போனது. ஓர் அடி சுவரை நெருங்கினார், திரும்பி வந்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அடுத்த அறைக்குப் போகும் அந்த அகலமான வழியின் ஓரத்தில், காற்றாடிக்குக் கீழே, வெள்ளை அடித்த பூச்சின் மேல் தட்டினார். மேலே தட்டினார், நடுவில் தட்டினார், தரையோரம் தட்டினார். தரையோரம் சத்தம் வேறாக இருந்தது. பிடியால் ஒரே ஒரு குத்து. பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து என் பீவியின் பச்சைக் கல்மேல் விழுந்தது.

உள்ளே இரும்பு இருந்தது. நடுச்சுவரை யாரோ எப்போதோ இடித்து வழியை அகலமாக்கி, மேலே ஓர் இரும்பு உத்தரத்தைப் போட்டு, இரண்டு இரும்புத் தூணில் நிறுத்தி, சிமெண்டால் மூடி வெள்ளை அடித்திருந்தார்கள். இந்தத் தூணின் அடிப்பாகம் ஈரத்தில் துருப்பிடித்து ஏடு ஏடாக உரிந்தது. மச்சான் விரலால் ஓர் ஏட்டை உரித்து என்னிடம் நீட்டினார். அந்த உத்தரத்தின் மேல்தான் மாடி. மாடியில்தான் என் மூன்று பிள்ளைகளும் தூங்குகிறார்கள். நிக்காஹ் அன்று விருந்தாளிப் பெண்கள் ஐம்பது பேர் உட்காரப் போவதும் அங்கேதான்.

நான் வீடு வாங்கினதைப் பற்றி மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த மச்சான் அப்போதுதான் பேசினார்.

"நான் தட்டித் தட்டித்தான் கண்டுபிடிப்பேன் மச்சான். நீங்க கைய வைக்காமலே மூணு தடவ கண்டுபிடிச்சிருக்கீங்க. ஊசிய இழுத்தது இந்த இரும்பு. உள்ள கோளாறு இருக்குன்னு உங்க போனு அன்னைக்கே சொல்லிருச்சு. நீங்க அத சந்தோஷச் செய்தின்னு எடுத்துக்கிட்டு முன்பணம் கட்டிட்டீங்க."

எனக்கு இன்னொரு நினைப்பு வந்தது. ரமலான் முழுக்க, குடும்பத்தோடு, வரிசை பிசகாமல், நாங்கள் நெற்றியை வைத்தது இந்தத் துருப்பிடித்த தூணைப் பார்த்துத்தான். அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மறுநாள் இமாமிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தேடிப் பாத்துத்தானே தொழுதீங்க. அல்லாஹ் மன்னிக்கிறவன். மன நிம்மதிக்கு கழாவா திரும்பத் தொழுதுக்குங்க" என்றார். பிறகு, "உங்க வீட்டுலேர்ந்து பள்ளிவாசலு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மூன்று திருப்பம் என்றேன். "மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தா மினாரா தெரியும்ல? பள்ளிவாசல் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாமே" என்றார். தினம் ஐந்து வேளை போய் வருகிற பள்ளிவாசல் அது. எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் மாடியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, இரண்டு தூண்களையும் எடுத்து, புதுத் தூண் போட்டார். அதற்காகக் கூடத்துத் தரையில் ஒரு பகுதியை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்த கையோடு என் பீவியிடம் சொன்னார்: "அக்கா, எப்படியும் ஒடச்சாச்சு. மொத்தத்தையும் எடுத்துட்டு சரியான திசைக்கு சாய்ச்சு போட்டுத் தர்றேன். பச்சக் கோடு கிப்லாவுக்கு நேரா வந்துரும்."

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் கோணலாக வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"வேணாம் தம்பி" என்றாள். "கல்லு நேரா இருக்கட்டும். நாம திரும்பி நிப்போம். இருவது வருசம் ஃபிரிட்ஜ ஒட்டி நின்னேன், அல்லா கேக்காமலா இருந்தான்?" பிறகு என் பக்கம் திரும்பி, "குறுக்கா நின்னா இன்னும் ரெண்டு பேரு சேர்ந்து நிக்கலாம் போல. மாப்பிள்ளை வூட்டு பொம்பளைங்க வந்தாலும் எடம் இருக்கு" என்றாள்.

அளந்து பார்த்தேன். உண்மைதான். கூடத்தின் அகலத்தைவிட மூலைக்கு மூலை நீளம் அதிகம்.

நிக்காஹுக்கு முந்தின நாள் அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு நான் பள்ளிவாசல் போகவில்லை. முசல்லாக்களைப் பச்சைக் கோட்டுக்குக் குறுக்கே விரித்தோம். நான் உள்சுவரின் இடது மூலையைப் பார்த்து நின்றேன். பின்னால் என் பீவி, மூன்று பிள்ளைகள், மாப்பிள்ளையின் உம்மா, அவர் தங்கை. ஆறு பேர். ஒரே வரிசை. மாடி அசையவில்லை.

அல்லாஹ் எனக்கு அடையாளம் காட்டவில்லை என்று மச்சான் இன்றும் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டேன், காட்டினான். வாசிக்கத் தெரியாதது என் படிப்புக் குறை.

ஒரே ஒரு தொல்லைதான் மிச்சம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் கூடத்துக்குள் நுழைந்ததும் குறுக்கே கிடக்கும் முசல்லாக்களைப் பார்ப்பார்கள். பச்சைக் கோட்டைப் பார்ப்பார்கள். பாவம், யாரோ கவனிக்காமல் விரித்திருக்கிறார்கள் என்று நினைத்து, குனிந்து, கோட்டுக்கு நேராக இழுத்து வைப்பார்கள். நல்ல மனசு. என் பீவி தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போகும்போது, காலால் மெல்லத் தள்ளிக் கோணலாக்கிவிட்டுப் போவாள்.